ஒரே ஒரு ஜமக்காளம் போட்டால் மெஷின் ஏன் குதிக்கிறது?

மழைக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, பிழியும்போது அடம்பிடிக்கும் வாஷிங் மெஷினைப் பற்றியவை. இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: எங்களுடையது ஏழு கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின். நிறையத் துணி போட்டால் ஒழுங்காகப் பிழிகிறது. ஒரே ஒரு ஜமக்காளம் போட்ட அன்று, அரை மணி நேரம் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோடு நின்றுவிட்டது. திரையில் 'யு.இ.' என்று வந்தது. பழுதா?

பழுதில்லை. பாரம் குறைவுதான், ஆனால் அத்தனையும் ஒரே பக்கம் இருக்கிறது. பத்துச் சட்டைகள் டிரம்மின் சுவரில் வட்டமாகப் பரவி ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்த ஜமக்காளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடுகொடுக்க எதுவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரம்மின் மையத்திலிருந்து 24 செ.மீ. தள்ளி அரை கிலோ மட்டும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது. டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது. அந்த அரை கிலோ டிரம்மை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 190 கிலோ எடைக்குச் சமம். அதுவும் நொடிக்கு 20 முறை திசை மாறி மாறி. வேகத்தை 600 சுற்றாகக் குறைத்தால் விசை பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும்.

அதனால்தான் மெஷின் எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பதில்லை. முதலில் துணி சுவரில் ஒட்டும் அளவுக்கு மெதுவாகச் சுழற்றுகிறது. கனமான பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் திணறும், இறங்கும்போது துள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, வரம்பு மீறினால் துணியை உதறிவிட்டு மறுபடி முயல்கிறது. சில மெஷின்கள் கடைசியில் குறைந்த வேகத்தில் பிழிந்து முடிக்கும். சில, மாட்டேன் என்று நின்றுவிடும். எல்.ஜி., சாம்சங் மெஷின்களில் 'யு.இ.' என்ற எழுத்துகள் வருவது இதற்குத்தான். 'எட்டு நிமிடம் பாக்கி' என்று காட்டிவிட்டு முக்கால் மணி நேரம் இழுக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதே பதில்.

ஜமக்காளத்தை எடுத்து உதறி, தளர்வாகப் போடுங்கள். கூடவே இரண்டு மூன்று தேங்காய்ப்பூத் துண்டுகளை நனைத்துப் போட்டு, பிழிவதை மட்டும் ஓட்டுங்கள். அதே அளவுக்குத் தண்ணீர் குடிக்கும் துணியாக இருந்தால்தான் ஈடாகும். கைக்குட்டைகளைத் திணித்துப் பயனில்லை.

கேள்வி: குழந்தைக்காக வாங்கிய, தண்ணீர் புகாத மெத்தை உறையை மெஷினில் போடலாமா?

உறையிலேயே மெஷினில் துவைக்கலாம் என்று அச்சிட்டிருந்தால்கூட, பிழிய விடாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது இதுதான். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி டிரம்மின் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வெளியேறாமல் அதன் மடிப்பில் பைபோல் தேங்கும். மெதுவாகச் சுற்றும்போது எல்லாம் சமமாக இருப்பதுபோலத் தெரிவதால் மெஷினும் நம்பி வேகமெடுக்கும். உச்ச வேகத்தில் அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகப் பீறிட்டால், நிறுத்த அவகாசமே இல்லை. நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் மெஷினின் மேல்மூடி பெயர்ந்து அடுத்த சுவர் ஓரம் கிடந்தது. மழைக்கோட்டுக்கும் இதே விதிதான். கையால் அலசிக் கொடியில் போடுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு மாறியதிலிருந்து மெஷின் பிழியும்போது ஓர் அடி நகர்ந்து வந்துவிடுகிறது. துணி எப்போதும்போலத்தான் போடுகிறோம்.

சர்வீஸ் பால்கனியில் வைத்திருக்கிறீர்களா? தண்ணீர் வடிய அங்கே கொத்தனார் வாட்டம் விட்டுத் தரை போட்டிருப்பார். பழைய வீட்டின் தரைக்குத் திருகிவைத்த கால்கள் இந்தத் தரைக்குப் பொருந்தாது. மேலே ரசமட்டம் வைத்து, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பார்த்துக் கால்களைத் திருகுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளியும் ஆடக் கூடாது. காலில் உள்ள பூட்டு நட்டை இறுக்க மறந்தால் நாலு துவையலில் பழைய கதைதான்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்கிறது என்றால் அதை எடுத்துவிடுங்கள். பெருக்கித் துடைக்க வசதி என்று பலரும் வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இன்னொன்று: வீடு மாற்றும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் போட்டிருந்தால், அவற்றைக் கழற்றினீர்களா? அவற்றோடு ஓட்டினால் மொத்த அதிர்வும் உடம்புக்கும் தரைக்கும் போகும்.

கேள்வி: எட்டு வருடப் பழைய டாப் லோடு. இப்போது என்ன போட்டாலும் இடிக்கிறது.

எந்தத் துணிக்கும் இடித்தால் குற்றம் துணியில் இல்லை. வெறும் தொட்டியைக் கீழே அழுத்திவிட்டு விடுங்கள். ஓரிரு அசைவில் அடங்கினால் நல்லது. ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தால், தொட்டியைத் தாங்கும் நான்கு தொங்கு கம்பிகள் தளர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் போயிருந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்பிகள் சரியாக இருந்தால், டிரம்மின் மேல்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் உப்புநீர் இருக்கும். கனத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடிச் சமன்செய்வது அதுதான். வளையம் விரிசல்விட்டு நீர் கசிந்திருந்தால் கம்பி மாற்றியும் இடி நிற்காது.

கேள்வி: செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டி தடதடவென்று அடிக்கிறது.

துணியை உருண்டையாகப் போடாமல் சுற்றிலும் சமமாக அடுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் வட்டத்தை வைத்து அழுத்துங்கள். அது பெரும்பாலான வீடுகளில் பரணில்தான் இருக்கிறது.

கேள்வி: புடவைகளும் வேட்டிகளும் முறுக்கிக் கயிறாகிவிடுகின்றன. பிறகு மெஷின் பிழிய மறுக்கிறது.

ஐந்தரை மீட்டர் துணி வேறென்ன செய்யும்? ஒரு புடவைக்கு ஒரு வலைப்பை. எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்தால் அது ஒரே கனத்த உருண்டையாகி, சிக்கல் இன்னும் மோசமாகும். போர்வை உறையின் வாயைப் பொத்தானிட்டு மூடுங்கள்; இல்லாவிட்டால் சின்னத் துணிகளை விழுங்கி அதுவும் உருண்டையாகும்.

கேள்வி: மெஷினைப் பிரித்தபோது உள்ளே பெரிய சிமென்ட் கட்டி! எடை காட்டி ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஃப்ரன்ட் லோடு மெஷினில் அது இருந்தே ஆகவேண்டும். துணி ஒரு பக்கம் இழுக்கும்போது தொட்டி அதிகம் அசையாமல் பிடித்துவைப்பது அந்தக் கனம்தான். தூக்கச் சுலபமாக இருக்கும் என்று கழற்றிவிடாதீர்கள். பிரித்ததுதான் பிரித்தீர்கள், கட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.