நொய்யல் குளத்துப் பறவைக் கணக்கு: திரும்பி வந்த கட்டுரைக்கு

வணக்கம்ங்க. நொய்யல் குளங்கள்ல ரெண்டு வருசம் பறவை எண்ணி எழுதின முதல் கட்டுரை 'வெறும் வட்டாரப் பட்டியல்'னு திரும்பி வந்துருச்சு, தலைப்பை மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. தலைப்பை விடுங்க, கேள்வியை மாத்துங்க.

சாயக்கழிவு கலந்த குளமும் கலக்காத குளமும் ஒரே ஆத்துப் படுகையில கிடைக்கறது லேசுப்பட்ட விசயமில்லைங்க. தண்ணியில உப்பு கூடக்கூட முக்குளிப்பான் குறையுதா, உள்ளான் கூடுதா? டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு, தாதுக்களோட மொத்த அளவு) அளந்து வெச்சிருந்தா இதை முதல் பத்தியிலேயே கேளுங்க. அளக்கலைன்னா இந்தப் பருவத்துல அளந்துட்டு எழுதுங்க, பழைய வருசத்துக்கு ஊகம் வேண்டாம்.

இன்னொண்ணு. கண்ணுல படலைங்கறதால பறவை அங்க இல்லைன்னு ஆகாது. ஒரே பருவத்துல ஒரே குளத்துக்குப் பலமுறை போன பதிவு இருந்தா ஆக்குபன்சி மாடல் போட்டுப் பாருங்க; பறவை இருந்தும் கண்ணுல படாமப் போற வாய்ப்பையும் கணக்குல சேர்க்கற புள்ளியியல் முறை அது.

எழுதறப்ப வரைபடம், அட்டவணை முதல்ல, அறிமுகம் கடைசியா. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024ல ராம்சார் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்ததுக்கு ஒரு வரி போதும்.

பட்டியலும் வீணில்லைங்க. நம்ம கோயமுத்தூர்ல இருந்தே வர்ற 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா'ங்கற ஆய்விதழ்ல சிறு குறிப்புகளும் போடறாங்க. காசு வாங்கிட்டு உடனே போடறோம்ங்கற பத்திரிகைப் பக்கம் மட்டும் தயவுசெஞ்சு போயிராதீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஆனைகட்டி சாலிம் அலி பறவையியல் மையத்துல யாராவது ஒருத்தர்கிட்ட வரைவைப் படிக்கக் கொடுங்க.