அரச பலம்தான் மதத்தைப் பரப்பியதா?

கேள்வி: கிறிஸ்தவம் போன்ற மதங்கள் உலகம் முழுக்கப் பரவியதற்கு அரசர்களின் வாளும் பணமும்தான் காரணம். மக்களின் அறியாமையால் இன்னும் நீடிக்கின்றன. அறிவியல் வளர வளரத் தானாக மறைந்துவிடும். சரிதானே?
– ஒரு வாசகர்

பதில்: இல்லை. வாளைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றவற்றில் அதுவும் இல்லை.

முதலில் வாளைப் பேசிவிடுவோம். வாள் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மேற்கு ஐரோப்பாவை ஆண்ட கிறிஸ்தவ அரசர் சார்லமேன் 782-ல் வெர்டன் என்ற இடத்தில் சாக்சன்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் 4,500 பேரைக் கொன்றதாக அவருடைய அரசவைக் குறிப்பே எழுதிவைத்திருக்கிறது. ஞானஸ்நானம் பெற மறுக்கும் சாக்சனுக்கு மரண தண்டனை என்று சட்டமும் போட்டார். அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியர்கள் நடத்திய கொடுமை ஊரறிந்தது.

ஆனால் காலவரிசையைப் பாருங்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30-ஐ ஒட்டி. கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்த மிலான் உடன்பாடு 313-ல். அரசு மதமாக ரோமப் பேரரசர் தியோடோசியஸ் அறிவித்தது 380-ல். முதல் 280 ஆண்டுகள் வாள் எதிர்ப்பக்கத்தின் கையில்தான் இருந்தது. 64-ல் ரோம் எரிந்தபோது நீரோ பழியை இவர்கள்மேல் போட்டுக் கொன்றான். 303-ல் பேரரசர் டயோக்லீஷியன் தேவாலயங்களை இடிக்கவும் வேதப் புத்தகங்களை எரிக்கவும் ஆணையிட்டார். அந்த ஆணை வந்த காலத்தில் பேரரசில் ஐம்பது அறுபது லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள். தலையெண்ணி எடுத்த கணக்கு இல்லை, மதிப்பீடுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் இதை எளிமையாகக் காட்டினார். கி.பி. 40-ல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 300-ல் அறுபது லட்சம் வந்துவிடும். ஆண்டுக்கு மூன்றரை சதவீதம்கூட இல்லை. நூறு பேர் உள்ள சபையில் வருடத்துக்கு மூன்று நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர், மருமகள், கூட வேலை செய்பவர் என்று ஒவ்வொருவராக வந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. மிலான் உடன்பாட்டைச் செய்த பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த ஒன்றின் பக்கம் போய் நின்றார் என்பதே என் கணிப்பு.

அந்த ஒவ்வொருவரையும் அழைத்துவந்தது யார்? இதற்கு எதிர்த்தரப்பின் சாட்சியே இருக்கிறது. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மதத்தை விட்டு விலகிய சிலரை அவர் விசாரித்திருக்கிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுவோம், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று உறுதி எடுப்போம், அப்புறம் சேர்ந்து சாப்பிடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். இவ்வளவுதானா என்று நம்பாமல், சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டார் பிளினி. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த மூடநம்பிக்கை நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் தொற்றிவிட்டதே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

அந்த இரண்டு பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ரோமச் சட்டத்தில் அவர்கள் ஒருவருடைய உடைமை. அவர்களுக்குச் சபையில் ஒரு பொறுப்பு இருந்தது. நான் சொல்ல வருவது முழுவதும் இதற்குள் இருக்கிறது. சொத்து, அதிகாரம், குலம், படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் கற்றுக்கொண்டு, தானே செய்து, இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிற கருத்துதான் நிலைக்கிறது. அதே காலத்தில் மித்ரா வழிபாடு ரோமப் படைவீரர்களிடையே செல்வாக்காக இருந்தது. நிலத்தடியில் அழகான வழிபாட்டுக் கூடங்கள், படிப்படியான தீட்சைகள், எல்லாம் உண்டு. பெண்களுக்கு மட்டும் இடமில்லை. குழந்தைக்கு முதல் பிரார்த்தனையைச் சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லாத மதம் எத்தனை தலைமுறை தாங்கும்? இன்று அந்தக் கூடங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுக்கிறார்கள்.

கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுதந்திரனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். சபையே அதை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. அடிமை முறையோடு பல நூற்றாண்டுகள் ஒத்துப்போயிற்று. இது பெரிய குற்றம். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் காதால் கேட்ட அடிமைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பணம் என்றீர்கள். பணமும் இருந்தது. அது எங்கே போயிற்று என்று பாருங்கள். 251-ஐ ஒட்டி ரோம் நகரச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியுவின் கடிதம் சொல்கிறது. அதே காலத்தில் பேரரசைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்து தாங்களும் செத்துப்போன கிறிஸ்தவர்களைப் பற்றி அலெக்சாந்திரியா ஆயர் தியொனீசியு எழுதியிருக்கிறார். சொந்தக் கட்சிக்காரர் புகழ்ந்திருக்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள், எதிரியும் இதையே சொன்னார். கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களை மீட்க முனைந்த பேரரசர் ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் குமுறுகிறார்: இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம்மவர்களோ கைவிட்டுவிட்டார்கள். ஊருக்கு ஊர் விடுதி கட்டுங்கள் என்று சொல்லித் தானியமும் திராட்சைமதுவும் ஒதுக்கினார். வாளும் பணமும் இந்த முறை மறுபக்கம் இருந்தன. ஆண்டது இரண்டு வருடத்துக்கும் குறைவு, 363-ல் போரில் இறந்தார். இன்னும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் நோயாளி பக்கத்தில் உட்கார மனிதர்களை ஆணை போட்டு வரவழைப்பது கடினம் என்பதை அவருடைய கடிதமே காட்டுகிறது.

அரசு உண்டாக்கிய மதம் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரைப் பாருங்கள். 1794 ஜூன் 8-ல் பாரிஸில் 'பரம்பொருள்' வழிபாட்டுக்குப் பெருவிழா எடுத்தார். ஜூலை 28-ல் அவர் தலை போயிற்று. வழிபாடும் கூடவே போயிற்று.

இனி நீடிப்பு. இதற்கு நான் ஜப்பானைத்தான் சொல்வேன். 1614-ல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. பாதிரியார்கள் துரத்தப்பட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களை இயேசு, மரியாள் உருவங்களை மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். 1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டவருக்காக நாகசாகியில் கட்டப்பட்ட புதிய தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. ஒரு பெண் பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜான் அருகில் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம், சாந்தா மரியா எங்கே என்று கேட்டார். 200 ஆண்டுகளுக்கு மேல் ஒரு பாதிரியாரும் இல்லை, தேவாலயம் இல்லை, அச்சிட்ட வேதம் இல்லை. கிராமத்தில் ஒருவர் பண்டிகை நாள்களைக் கணக்கு வைத்தார், இன்னொருவர் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். வாய்வழியாக வந்த பிரார்த்தனைகளில் லத்தீன் சொற்கள் உருமாறிப் பொருளே தெரியாமல் போயிருந்தன. இறையியல் தேய்ந்துவிட்டது, செய்ய வேண்டிய காரியங்கள் தப்பிப் பிழைத்தன. வெளியே தெரிந்ததும் அந்தக் கிராமத்தார் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு வேறு மாகாணங்களுக்கு நாடுகடத்தியது. தடை நீங்கியது 1873-ல்.

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீடித்ததால் ஒரு மதம் உண்மையாகிவிடாது. அந்த முடிவுக்கு யாரும் தாவ வேண்டாம். ஒரு கருத்து ஏன் பிழைத்தது என்பது வேறு, அது மெய்யா என்பது வேறு.

அறிவியலுக்கு வருவோம். விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927-ல் கட்டுரை எழுதிய லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். சோவியத் அரசு இருபது ஆண்டுகள் நாத்திகப் பிரசாரம் செய்து, தேவாலயங்களையும் மூடி, 1937-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்டது. பதில் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்பிக்கையாளர் என்றார்கள். அந்தக் கணக்கெடுப்பையே அரசு முடக்கிப்போட்டது. மறுபக்கம், எந்தக் கட்டாயமும் இல்லாத நெதர்லாந்தில் மதம் சாராதவர்கள் 2017-ல் பாதியைத் தாண்டினார்கள். மறைவு நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருத்துவம், முதுமைக்கு ஓய்வூதியம், விதவைக்கு உதவித்தொகை என்று சபை பார்த்த வேலைகளை அரசு ஒழுங்காக ஏற்றுக்கொண்ட நாடுகளில்தான் அது அதிகம் தெரிகிறது. ஆய்வகங்களுக்குப் பஞ்சமே இல்லாத அமெரிக்காவில் அதே அளவுக்கு நடக்கவில்லை.

மதமில்லாத உலகம் வேண்டும் என்று நீங்கள் விரும்பலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்களோடு ஒத்த கருத்துள்ளவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் இரவில் யார் கூட இருப்பது, ஒருவர் இறந்தால் அவர் மனைவி மக்களை யார் பார்த்துக்கொள்வது, துக்க வீட்டில் என்ன பேசுவது, பிறந்த குழந்தையை எப்படி வரவேற்பது என்று இதுவரை என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? அதை விவரமாக எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.