அப்பாவின் பென்ஷன் கணக்கு மகனுக்குப் பொருந்துமா?

கேள்வி: வயது 34. 2017-ல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தேன். என்பிஎஸ்-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கிறேன், யூபிஎஸ்-க்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறவில்லை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 70,000 ரூபாய். என் மொத்தச் சம்பளத்தைவிட மாதம் 25,000 கூடுதலான சிடிசி-யுடன் (ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) தனியார் கம்பெனி கூப்பிடுகிறது. 1980-களில் அஞ்சல் துறையில் சேர்ந்து ஓய்வுபெற்ற அப்பா, "கவர்ன்மென்ட் வேலையை எவனாவது விடுவானா?" என்கிறார். விடலாமா?

பதில்: அப்பா சொல்வது அவர் காலத்து விதிப்படி சரி. 2004-க்கு முன் சேர்ந்தவர் ராஜினாமா செய்தால் முந்தைய சர்வீஸ் முழுவதும் போய்விடும். ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) பணம் வரும், பென்ஷன் வராது. பென்ஷனோடு விலக வேண்டுமானால் 20 வருடம் ஓட்டிவிட்டு விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்க வேண்டும். அந்தக் கட்டு உங்களுக்கு இல்லை. உங்கள் என்பிஎஸ் பணம் பிரான் எண்ணோடு (உங்கள் நிரந்தர என்பிஎஸ் கணக்கு எண்) கூடவே வரும். அவசரப்பட்டு அந்தக் கணக்கை மட்டும் முடித்துவிடாதீர்கள். இடையில் வெளியேறினால் பெரும்பங்கு, அதாவது 80%, ஆன்யூட்டிக்கு (மொத்தமாகக் கையில் வராமல், தவணையாகப் பென்ஷன் தரும் திட்டம்) போய்விடும். அதே கணக்கைப் புதிய கம்பெனியின் கீழ் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் "பென்ஷன்தான் இல்லையே, போனால் என்ன?" என்று உங்கள் வயதுக்காரர்கள் சொல்வதும் பாதிதான் சரி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) ராஜினாமாவில் போய்விடும். அதன் கணக்கு: முடித்த ஒவ்வொரு 6 மாதத்துக்கும் கால் மாதச் சம்பளம் (அடிப்படையும் அகவிலைப்படியும்); 9 வருடம் முடித்திருந்தால் 18 அரையாண்டு, நாலரை மாதச் சம்பளம். இன்றைய சம்பளத்தில் 3,15,000 ரூபாய். ஈட்டிய விடுப்பிலும் பாதிக்குத்தான் காசு, அதிகபட்சம் 150 நாள். கணக்கில் 200 நாள் இருந்தால் 100 நாள் வீண்.

அடுத்து அந்த 25,000. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சிடிசி-க்குள் அடக்கம். அரசு உங்கள் என்பிஎஸ் கணக்கில் போடும் 14%, அதாவது மாதம் 9,800, உங்கள் மொத்தச் சம்பளத்தில் சேராது. இதைக் கழித்தாலே மிச்சம் 15,200. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். என்பிஎஸ்-க்கு எவ்வளவு போடுவார்கள் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) அட்டையோ அலுவலக மருத்துவச் சலுகையோ இருந்தால் அதுவும் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், ராஜினாமாவுக்கு முன்பே குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வீடு கட்ட அரசு முன்பணம் வாங்கியிருந்தால் பாக்கியை அடைக்க வேண்டும்.

உண்மையான குறை சம்பளம் அல்ல, வேலை அலுத்துவிட்டது என்றால், வேறு மத்திய அரசுத் துறைக்கு முறையான வழியில் விண்ணப்பித்துப் பாருங்கள். அதற்காகத் தருவது 'டெக்னிக்கல்' ராஜினாமா. சர்வீஸ் தொடரும், நிரந்தரமானவருக்குப் பழைய பதவியில் 2 ஆண்டு லீன் (திரும்பி வரும் உரிமை) உண்டு. கடிதத்தில் அந்தக் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்.