ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் எல்எல்சி (உரிமையாளரின் சொந்தப் பொறுப்புக்கு வரம்புள்ள கம்பெனி), கார்ப்பரேஷன் நடத்தும் நம்மவர்களின் கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். டெக்சஸ், டெலவேர் பற்றி விரிவாகச் சொல்வேன். விசா, வருமான வரி என் துறை அல்ல.

ஆஸ்டின்: கடிதம் வாங்கி வைப்பதைத் தவிர ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டுக்கு என்ன வேலை?

கம்பெனிமேல் வழக்கு வந்தால் சம்மனைக் கையில் வாங்குவதுதான் முக்கிய வேலை. அவர் வாங்கிவிட்டாலே கம்பெனி வாங்கியதாகக் கணக்கு. அதை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று சட்டம் கேட்காது. பதில் மனுவுக்குக் கெடு ஃபெடரல் நீதிமன்றத்தில் பொதுவாக 21 நாள், கலிஃபோர்னியாவில் 30 நாள். டெக்சஸில் 20 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. தவறவிட்டால், நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி என்கிறோமே, அதே கதிதான்: உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடலாம்.

சென்னை: இங்கிருந்தபடியே டெலவேர் எல்எல்சி தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் மாமா பையனை ஏஜென்ட்டாகப் போடலாமா?

முடியாது. ஏஜென்ட்டின் முகவரி டெலவேரிலேயே, தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள இடமாக இருக்க வேண்டும். கட்டண ஏஜென்ட்தான் வழி. ஆண்டுக்கு 50 முதல் 300 டாலர் வரை வாங்குகிறார்கள். மாநிலத்துக்கு ஜூன் 1-க்குள் கட்டும் 300 டாலர் வரி இதில் சேராது. மறந்தால் 200 டாலர் அபராதமும் மாதம் 1.5 சதவீத வட்டியும். வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளர் என்றால் ஐஆர்எஸ்-இன் (அமெரிக்க வருமான வரித்துறை) 5472 படிவம் பற்றி ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். அதைத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலர்; ஏஜென்ட் அதை உங்களுக்கு நினைவூட்டுவார் என்று நம்பியிருக்காதீர்கள்.

ஃப்ரிஸ்கோ: டெக்சஸில் ஏஜென்ட்டை மாற்றுவது எப்படி?

புது ஏஜென்ட்டின் சம்மதத்தை முதலில் எழுத்திலோ மின்னஞ்சலிலோ வாங்குங்கள். 401-ஏ என்ற படிவம் அதற்கென்றே இருக்கிறது. அதை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் கோப்பில் இருந்தால் போதும். பிறகு 401 படிவத்தை செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் (கம்பெனிகளைப் பதியும் மாநில அலுவலகம்) தாக்கல் செய்யுங்கள். லாப நோக்கக் கம்பெனிக்குக் கட்டணம் 15 டாலர்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஏஜென்ட் இடத்தில் உங்கள் எல்எல்சியின் பெயரையே எழுதுவது. ஒரு கம்பெனி தனக்குத்தானே ஏஜென்ட் ஆக முடியாது. ஏஜென்ட் நிறுவனத்தின் பதிவுப் பெயரை விட்டு விளம்பரப் பெயரை எழுதுவது. மூன்றாவதுதான் மோசமானது: புதியவர் பதிவாகும் முன்பே பழையவரின் சந்தாவை நிறுத்துவது. அவர் விலகல் கடிதம் கொடுத்தால், அது மாநிலத்துக்குக் கிடைத்த 31-ஆம் நாள் அவர் பொறுப்பு முடிந்துவிடும். அதற்குள் வேறொருவர் இல்லையென்றால் உங்களுக்கு ஏஜென்ட்டே கிடையாது.

தாக்கல் முடிந்ததும் மாநில இணையதளத்தில் உங்கள் கம்பெனியைத் தேடி, ஏஜென்ட் பெயர் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிளேனோ: மே 15-க்குள் கம்ப்ட்ரோலருக்கு (டெக்சஸ் மாநில வரி அலுவலகம்) அனுப்பும் அறிக்கையிலேயே புது ஏஜென்ட் பெயரை எழுதிவிட்டேன். போதுமா?

போதாது. அது வேறு அலுவலகம். 401 தாக்கல் செய்யுங்கள், பிறகு இணையதளத்தில் பாருங்கள்.

ஹூஸ்டன்: தபால் பெட்டிக் கடை முகவரியைக் கொடுக்கலாமா?

கூடாது. வெறும் தபால் பெட்டிச் சேவை ஏஜென்ட்டின் பதிவு முகவரி ஆகாது என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது.

டாலஸ்: வீட்டு முகவரியைக் கொடுத்து நானே ஏஜென்ட்டாக இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பிறகு ஏன் எல்லோரையும் பணம் கட்டச் சொல்கிறீர்கள்?

எல்லோரையும் சொல்லவில்லை. டெக்சஸில் குடியிருக்கும் எவரும் ஏஜென்ட் ஆகலாம், உண்மை. வேலை நேரத்தில் அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

டாலஸ் (மீண்டும்): நான் இல்லாவிட்டால் திரும்ப வருவார்கள். கையில் கொடுக்காமல் வழக்கு எப்படி நகரும்?

நகரும். இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நியாயமான முயற்சி செய்தும் ஏஜென்ட்டைக் காண முடியவில்லை என்றால், டெக்சஸில் செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டே உங்கள் சார்பில் சம்மனை வாங்கலாம். அந்த அலுவலகம், பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கும். அது எந்த முகவரி? உங்களுக்கு அதே பூட்டிய வீடு. கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

சான் அன்டோனியோ: டாலஸ் நண்பருக்கு ஆதரவாக: மனைவி எப்போதும் வீட்டில் இருப்பவர். அவரை ஏஜென்ட்டாகப் போட்டால்?

தாராளமாக, அவர் எழுத்தில் சம்மதித்தால். ஆனால் இருவரும் சேர்ந்துதானே ஊருக்குப் போவீர்கள்? இன்னொன்று: அந்த முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடிப் பார்க்கலாம். ஆண்டு முழுக்க ஆள் இருக்கும் கடையோ அலுவலகமோ இருந்தால் அதையே கொடுங்கள், ஒரு காசும் வேண்டாம்.

டாலஸ் (மீண்டும்): சம்மன் வந்தால் நானே நீதிமன்றத்துக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

சிறு வழக்கு நீதிமன்றங்கள் தவிர, பெரும்பாலான நீதிமன்றங்களில் கம்பெனிக்காக வக்கீல்தான் நிற்க வேண்டும். வக்கீல் தேடும் நாட்களும் பதில் மனுவுக்கான அந்தக் கெடுவுக்குள்தான்.

நியூயார்க்: இங்கே ஏஜென்ட் கட்டாயமா?

இல்லை. செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டே சம்மனை வாங்கி, நீங்கள் கொடுத்த முகவரிக்கு அனுப்புவார். முகவரி மாறினால் உடனே திருத்துங்கள். எல்எல்சி என்றால் 120 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் ஆறு வாரம் அறிவிப்பு வர வேண்டும், மறக்காதீர்கள்.

டாம்பா: நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார முடியாது.

நாள் முழுக்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் வேலை நாட்களில் குறைந்தது காலை 10 முதல் 12 வரை ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எடிசன்: எச்1பி-யில் இருக்கிறேன். எல்எல்சி...

குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள்.

இர்விங்: டெலவேரில் ஏஜென்ட் இருக்கிறார், கடை டெக்சஸில். போதும்தானே?

இல்லை. டெக்சஸில் 304 படிவம், 750 டாலர் கட்டி வெளிமாநில எல்எல்சியாகப் பதிய வேண்டும். இங்கும் தனியாக ஏஜென்ட் வேண்டும். பதியும்வரை பாக்கிப் பணத்துக்காக டெக்சஸ் நீதிமன்றத்தில் நீங்கள் வழக்கு நடத்த முடியாது.

கேட்டி: 401 அனுப்பிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய வேண்டாமே?

இணையதளத்தில் பெயரைப் பாருங்கள். மின்னஞ்சல் மாறியிருந்தால் ஏஜென்ட்டிடமும் சொல்லுங்கள். சம்மன் பழைய மின்னஞ்சலுக்குப் போனாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.