கணினிக் கேள்வி பதில்: பாதிக் கூரையில் மழை

கேள்வி: அண்ணே, செர்பென்ட் ஓஎஸ் என்று ஒரு லினக்ஸை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறேன். முதலில் டி என்ற நிரல் மொழியில் எழுதினார்கள், அப்புறம் ரஸ்ட் என்ற மொழிக்குப் போனார்கள், 2025 பிப்ரவரியில் பெயரையே ஏரின் ஓஎஸ் என்று மாற்றினார்கள். பேசாமல் ஏற்கனவே இருக்கிற டெபியன் லினக்ஸை எடுத்து ஒரு வருடத்தில் முடித்திருக்கலாமே?
(தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: முடித்திருக்கலாம் தம்பி. டெபியனுக்கு வேறு சட்டை மாட்டிவிட்ட டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) ஏற்கனவே ஏராளம். யாரையும் சாராமல் செய்வதென்றால் கம்பைலரிலிருந்து (கோடைப் புரோகிராமாக மாற்றுவது) எல்லாவற்றையும் தாங்களே கட்ட வேண்டும், அதிலும் புரோகிராம்களை நிறுவிப் புதுப்பிக்கிற பேக்கேஜ் மேனேஜர்தான் வருடங்களை விழுங்குகிற வேலை.

போன மழைக்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடை மேசையில் என் சொந்த லேப்டாப், பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது, வயரில்தான் ஓடுகிறது. அப்டேட் பாதி தாண்டியிருக்கும், ஒரே இடி, மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது. ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் புதுசு, அதை நம்பியிருக்கும் புரோகிராம்களில் பாதி பழசு. யூஎஸ்பியில் பூட் செய்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க ராத்திரி ஆகிவிட்டது, வாங்கி வைத்த மீ கோரேங் ஆறிக் கல்லாகிவிட்டது.

வழக்கமான பேக்கேஜ் மேனேஜர் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்திலேயே ஃபைல்களை ஒவ்வொன்றாக மாற்றும். லயத்து வீட்டில் குடியிருந்துகொண்டே கூரைத் தகரத்தைப் பிரித்து மாட்டுகிற மாதிரி, நடுவில் மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஏரினின் பேக்கேஜ் மேனேஜரான மாஸ் (சினிமா மாஸ் இல்லை, பாசி என்று அர்த்தம்) அப்படிச் செய்வதில்லை. புரோகிராம்கள் இருக்கிற யூஎஸ்ஆர் அடைவைப் புதிதாக முழுவதும் பக்கத்தில் கட்டி முடித்துவிட்டு, பழையதையும் புதியதையும் ஒரே நொடியில் இடம் மாற்றச் சொல்லி சிஸ்டத்தின் மையமான கெர்னலைக் கேட்கிறது. அதற்குள் கரண்ட் போனால் பழையது அப்படியே இருக்கும். மாற்றிய பிறகு பிடிக்கவில்லையென்றாலும் முந்தையதற்குத் திரும்பிவிடலாம். டிஸ்க் இரண்டு மடங்கு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது, ஒரே உள்ளடக்கம் உள்ள ஃபைலை ஒரே ஒரு முறைதான் வைக்கிறது, மற்ற இடங்களில் எல்லாம் ஹார்ட் லிங்க்தான், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்.

எனக்குக் கோட் பற்றிக் கவலையில்லை, ஆள் பற்றித்தான். இதைத் தொடங்கிய ஐக்கி டோஹர்ட்டிதான் சோலஸ் என்ற டிஸ்ட்ரோவையும் தொடங்கினார், 2018இல் அதை விட்டுப் போனார். அதே வருடம் வாய்ட் லினக்ஸ் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் நிறுவனரும் தொடர்பில் இல்லாமல் போக, தளத்தின் சாவியெல்லாம் அவர் கையில் இருந்ததால் மற்றவர்கள் புது முகவரிக்கே குடிமாற வேண்டியதாயிற்று. வாய்ட் இன்றும் ஓடுகிறது, பேக்கேஜ் செய்முறைகள் எல்லாம் திறந்து கிடந்தன, எடுத்துச் செய்ய ஆட்களும் இருந்தார்கள். ஏரினை வெர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) போட்டுப் பாருங்கள். கணக்கு வழக்கு இருக்கிற கணினியில் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. மகள் நான்காம் படிவம், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். வாய்ட் போடலாமா?

பதில்: உங்களுக்கென்றால் போடுங்கள் அக்கா, பிள்ளைக்கு வேண்டாம். லினக்ஸ் மின்ட்டின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். பள்ளிக்கூட டெலிமா தளத்துக்கு பிரவுசர் இருந்தால் சரி. வாய்டில் சின்னச் சின்ன சேவையைக்கூட (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ரனிட் என்ற நிர்வாகியில் கையால் இணைக்க வேண்டும், பரீட்சைக்கு முந்தின நாள் பிரின்டர் ஓடாவிட்டால் அவள் என்னைத்தான் திட்டுவாள்.

கேள்வி: வாய்டில் அப்டேட் கொடுத்தால் முதலில் அதன் பேக்கேஜ் மேனேஜரான எக்ஸ்பிபிஎஸ்ஸையே புதுப்பிக்கச் சொல்லி நிற்கிறது. ஏன்?

பதில்: மற்றதை மாற்றப் போவதே அதுதான், அது பழசாக இருந்தால் புது பேக்கேஜ்களைச் சரியாகக் கையாளாமல் போகலாம். அதை மட்டும் புதுப்பித்துவிட்டு மறுபடி கொடுங்கள். லைன் மெதுவென்றால் டவுன்லோட் மட்டும் செய்கிற வசதியும் அதில் உண்டு, ராத்திரி இறக்கி வைத்துக் காலையில் நிறுவலாம். அப்புறம், பழைய கெர்னல்களை அது தானாக நீக்காது. விகேபர்ஜ் லிஸ்ட் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், பூட் அடைவில் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று தெரியும். என்னுடையதில் 11 இருந்தது.