வயலை விற்க வேண்டாம் அண்ணாச்சி

அண்ணாச்சி, போன வாரம் மதினியையும் மகளையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்தீர்கள். நீட் மதிப்பெண் அரசு இடத்துக்கு எட்டாது என்று தெரிந்ததில் இருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றீர்கள். பயப்படாதீர்கள், வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதல் அதோடு போதும்.

கடையத்து வயலை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கலாம் என்கிறார் மைத்துனர். கூடாது. படித்துத் திரும்பினாலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் தேறினால்தான் இங்கே வைத்தியம் பார்க்க முடியும். தேறாவிட்டால் வயலும் போய், வருடங்களும் போய்விடும். அதைவிட முக்கியம், பிள்ளைக்கு அதில் மனம் இல்லை. "நோய் எப்படி வருதுன்னுதான் சார் தெரிஞ்சுக்கணும்" என்றாள். மைத்துனர் குறுக்கே புகுந்து அவள் பேச்சை அமர்த்திவிட்டார்.

தாத்தாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பையில் வைத்திருந்தாள், கவனித்தீர்களா? வெற்றிலையோடு புகையிலையை அடக்கியே கன்னத்தில் புற்று வந்தவர் அவர். "மரபணுவில எழுத்து மாறினாத்தான் புற்றுநோயா, மாறாமலும் வருமா?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இருந்து எளிதில் வருகிற கேள்வி இல்லை அது.

அவள் கேட்ட இடத்தில்தான் டிஎன்ஏ மெத்திலேஷன் வருகிறது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் என்ற சின்னத் தொகுதி, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் போய் உட்காரும். எழுத்து ஒன்றுகூட மாறாது. ஆனால் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை மிதமிஞ்சி ஏறினால் அந்த மரபணு வாயடைத்துப் போகும். செல் பெருகாமல் பிடித்து நிறுத்தும் பி16, டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் எம்ஜிஎம்டி ஆகிய மரபணுக்கள் தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகள் பலவற்றில் இப்படி அடங்கிக் கிடக்கின்றன. புற்றாக மாறும் முன்பே, வாயில் தோன்றும் வெண்படலத்திலும் சிலருக்கு இதைக் காண முடிகிறது. எச்சிலை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாமா என்று ஆராய்ச்சி நடப்பது அதனால்தான். எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம். ஏறிய மெத்திலை இறக்க வழி உண்டு. அசாசைட்டிடின், டெசிட்டபின் என்ற மருந்துகள் சில ரத்த நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படுகின்றன. வாய்ப் புற்றுக்கு இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் இந்த வேலை எப்படி இருக்கும் தெரியுமா? திசுவில் இருந்து டிஎன்ஏவைப் பிரித்து பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், மெத்தில் ஏறியது அப்படியே நிற்கும். அப்புறம் டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையை வைத்து இரண்டையும் பிரித்தறிவார்கள். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பும். வேதியியல் செய்முறையில், டைட்ரேஷனில் மூன்று தடவையும் ஒரே அளவு வரும் வரை அவள் விடமாட்டாள் என்று மதினி சொன்னார்களே, அந்தப் பொறுமைக்கு ஏற்ற வேலை.

செலவுக்கு வருவோம். பயோடெக் என்ற பெயருக்காகச் சுயநிதிப் பிரிவில் பணத்தைக் கொட்டாதீர்கள். ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியிலோ, பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் அரசு உதவி பெறும் பிரிவிலோ விலங்கியல் அல்லது வேதியியல் போதும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றுக்கொள்ளட்டும். மெத்திலேஷன் ஆய்வில் பாதி வேலை கணினியில்தான். மூன்றாம் ஆண்டில் எம்எஸ்சி சேர்க்கைக்கான கேட்-பி, ஜாம் தேர்வுகள். எம்எஸ்சி முடித்து, முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கான சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் அவர்களே தருவார்கள். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் இடங்கள்.

இது குறுக்குவழி இல்லை. முனைவர் பட்டம் வாங்க இருபத்தெட்டு வயதாகலாம். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்து நெருக்கமாட்டோம் என்று நீங்களும் மதினியும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் போதும் என்று தோன்றினால் எம்எஸ்சியோடு மூலக்கூறு பரிசோதனைக் கூடங்களில் வேலைக்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம் நிரப்ப வாருங்கள். மைத்துனர் வரவேண்டியதில்லை. எந்தப் பாடம் முதலில், எது அடுத்து என்ற விருப்ப வரிசையை அவளே எழுதட்டும்.