'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

ஒரு சொல் தன் மூலப்பொருளிலிருந்து கிளைத்துப் பல பொருள்களைத் தருவதைப் பல்பொருண்மை என்பர். 'ரன்' என்பதற்கு வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் இருப்பதாக ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியினர் 2011இல் கணக்கிட்டனர்.

தடையின்றித் தொடரும் இயக்கமே இதன் கரு. மனிதர் ஓடுவதும், மூக்கு ஒழுகுவதும், சாலை ஊரை நோக்கிச் செல்வதும், இயந்திரம் இயங்குவதும், கடை நடத்துவதும், அமெரிக்க வழக்கில் தேர்தலில் போட்டியிடுவதும் அதிலிருந்து கிளைத்தவையே. தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, குழம்பியவருக்கு ஒன்றும் ஓடுவதில்லை. (கூரை ஓடு இதில் சேராது, அது ஒலியால் மட்டும் ஒத்த வேறு சொல்.) ஆனால், நாம் பிறவினைக்கு 'ஓட்டு' என்றும் பெயருக்கு 'ஓட்டம்' என்றும் வடிவத்தை மாற்றுகிறோம், ஆங்கிலமோ மூன்றுக்கும் 'ரன்' என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொள்வதால், பொருள்கள் அனைத்தும் அதன் தலையிலேயே குவிகின்றன. என் கருத்தில் இதுவே முக்கியக் காரணம்.

இவற்றை எல்லாம் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வரும் என்று பலர் அஞ்சுவது தவறு; அகராதி நுண்ணிய வேறுபாட்டையும் வழக்கொழிந்த பொருளையும் தனித்தனியே எண்ணுகிறது, பேசுபவரோ அருகிலுள்ள சொற்களைக் கொண்டே பொருளை உணர்ந்துகொள்கிறார்.